இல்லாத வெளிச்சவீட்டின் நிழல்

நாவலாறு கடலோடு கலக்கிற கொக்குமுனையில், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டி நூற்று இருபது வருசம் நின்ற வெளிச்சவீடு சண்டையில் விழுந்து, அதன் கல்லையும் காரையையும் யார் யாரோ லொறியில் ஏற்றிக் காவலரணுக்கும் அணைக்கட்டுக்கும் கொண்டுபோய், நின்ற இடத்தில் எருக்கலை முளைத்துப் பூத்து, எட்டு வருசம் போன பிறகு ஊர்ச்சனம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, அதன் நிழல் மட்டும் பழையபடி மணலில் விழுந்து கிடந்தது.

காலையில் கடலுக்கு மேலே சூரியன் கிளம்பியதும் அது ஊருக்குள்ளே நீண்டு பிள்ளையார் கோயில் கிணற்றைத் தொடும். வெயில் ஏற ஏறச் சுருங்கி, உச்சிப்பொழுதில் எருக்கலைகளைச் சுற்றிக் கறுப்பு வட்டமாய் ஒடுங்கும். பின்னேரம் மறுபக்கம் திரும்பிக் கடலில் இறங்கி அலைக்கு அலை மடிந்து மடிந்து ஆடும். நிமிர்ந்து பார்த்தால் வெறும் வானமும் நாலு கடற்காகங்களும். குனிந்து பார்த்தால் அடியில் பருத்து மேலே ஒடுங்கி, உச்சியில் இரும்புக் கிராதி போட்ட சுற்றுமாடமும் விளக்கறையும் அதற்கு மேலே காற்றாடிச் சேவலுமாக, முழு வெளிச்சவீடு.

மீனவர் சங்கத் தலைவர் இராசநாயகம்தான் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் கால் வைத்தார். குளிர்ச்சியாய்த்தான் இருக்குது என்றார். இவ்வளவையும் அள்ளிக்கொண்டு போனவங்கள் இதையாவது விட்டிட்டுப் போனாங்களே என்றும் சொன்னார். அதற்குமேல் யாரும் வியக்கவில்லை. பனையும் பூவரசும் வேரோடு போய், ஊரில் ஒதுங்குவதற்கு ஒரு கிளைகூட இல்லாத சித்திரை வெயிலில், நிழல் எங்கேயிருந்து விழுகிறது என்று கேட்டுக்கொண்டு நிற்க எவருக்கும் நேரம் இல்லை. அன்றைக்கே தறப்பாள்களை நிழலின் ஓரத்தில் கட்டினார்கள். கைக்குழந்தைக்காரிகளை நடுவில் இருத்தினார்கள். இரண்டு குடும்பம் இடத்துக்காகச் சண்டை பிடித்து ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டது.

அந்தச் சண்டைக்குப் பிறகு சங்கம் கூடி நிழலை முறை வைத்துப் பிரித்தது. விடிந்ததிலிருந்து எட்டு மணிவரை கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்கு, எட்டிலிருந்து பதினொன்றுவரை கூரை இல்லாத பள்ளிக்கூடத்துக்கு, பின்னேரம் கரைக்கு வருகிற வள்ளங்களுக்கு. கருவாடு போடுகிற பெண்கள், தங்கள் பாயை நிழல் வந்து ஈரமாக்குகிறது என்று முறைப்பாடு சொன்னார்கள். அவர்களைத் தெற்கே நூறு அடி தள்ளி இருக்கச் சொன்னார்கள். பள்ளிப் பிள்ளைகள் அரை மணிக்கு ஒருதரம் பாயைத் தூக்கி நகர்ந்து நகர்ந்து படிக்கப் பழகினார்கள். வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு முடிகிற இடத்தில் பாய் நகரும் என்பது அவர்கள் உடம்புக்கே தெரிந்துபோயிற்று. காணி அளக்க வந்த நில அளவையாளர், இல்லாத கட்டடத்துக்கு நிழலைப் போட்டால் மேலே கேள்வி வரும் என்று படத்தில் அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டு, தன்னுடைய சாப்பாட்டுப் பொதியை அந்த நிழலில் இருந்தே அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். இப்படி ஒரு வருசத்துக்குள் நிழல், ஆறு போல, உப்புக்காற்றுப் போல, ஊரோடு சேர்ந்துவிட்டது.

நேசமலருக்கு மட்டும் அது சேரவில்லை.

அவள் அந்த வெளிச்சவீட்டுக்காரர் அருமைத்துரையின் மனைவி. வெளிச்சவீட்டோடு சேர்ந்து இடிந்த காவல்வீட்டின் அதே இடத்தில் நாலு தகரத்தை நிறுத்தி, மகள் சுகிர்தாவோடு குடியிருந்தாள். காலை ஏழரை மணிக்கு நிழலின் தலை அவள் முற்றத்தில் வந்து விழும். முன்பெல்லாம் அந்த நேரத்தில்தான் அருமைத்துரை சுற்றுமாடத்தில் நின்று, பழைய சாரத்துணியைச் சாராயத்தில் நனைத்து விளக்கறைக் கண்ணாடியில் பிடித்த உப்பைத் துடைப்பார். பதினொரு வருசம் அவள் அரிசி கழுவியதும் பிள்ளைக்குத் தலை பின்னியதும் அந்த ஆளின் நிழல் அசைகிற முற்றத்தில்தான்.

இப்போது முற்றத்தில் கிராதியின் நிழல் விழுந்தது, கண்ணாடியறை விழுந்தது, சேவல்கூட விழுந்து காற்றுக்குத் திரும்பியது. ஆள் விழவில்லை.

வெளிச்சவீடு விழுந்த அன்று காலை, முதல் குண்டுச் சத்தத்திலேயே பெண்களும் பிள்ளைகளும் வள்ளத்தில் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். நடு ஆற்றில், ஒன்பது வயது சுகிர்தாவின் கண்ணைப் பொத்திக்கொண்டு, கோபுரம் இடுப்பில் முறிந்து இறங்குவதை நேசமலர் கண்டாள். இரண்டு நாள் கழித்து ஆண்கள் எண்பது பேரும் அக்கரைக்கு வந்து சேர்ந்து, அவர் உள்ளுக்குத்தான் இருந்தவர் என்றார்கள். அவள் நம்பினாள். எட்டு வருசம் முகாமில் வெறும் நெற்றியோடு இருந்தாள்.

ஊருக்குத் திரும்பி நாற்பது நாள், ஒரு நாள் விடாமல், ஏழரை மணிக்கு முற்றத்தில் குந்தியிருந்து நிழலின் தலையைப் பார்த்தாள். சேவல் வரைக்கும் மிச்சம் வைத்த நிழல் ஒரு மனிதனை மட்டும் ஏன் விட வேண்டும் என்று யோசித்தாள். நாற்பத்தோராம் நாள் எழும்பி முகம் கழுவி, மகளுடைய சிமிழை எடுத்து நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு தண்ணிக்குப் போனாள். கிணற்றடியில் இருந்த பெண்கள் அவள் நெற்றியைப் பார்த்தார்கள். அவர் இறங்கிட்டார் என்று நேசமலர் சொன்னாள். கோபுரம் விழேக்குள்ள அவர் மேல இல்லை, நீங்களே வந்து பாருங்கோ என்று சொன்னாள்.

யாரும் வந்து பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் விளங்காமல் இருந்தது. அந்த நிழலில் வலை பொத்துகிறவர்கள், அதில் பிள்ளை வளர்க்கிறவர்கள், அதன் நீளத்தைப் பார்த்து உலை வைக்கிறவர்கள், தலைப்பக்கம் மட்டும் திரும்புவதில்லை. அவள் முற்றத்து வழியால் போகிற ஆண்கள் ஏழரை மணியென்றால் சுற்றிப் போனார்கள். இராசநாயகம் ஒருநாள் வந்து, நிழல் எல்லாத்தையும் காட்டாது தங்கச்சி, குண்டுபட்ட உடம்பு சிதறிப்போகும், சிதறினதுக்கு நிழல் இல்லை என்று ஆறுதல் சொன்னார். கல்லும் சிதறினதுதானே அண்ணை என்று அவள் கேட்டாள். அவர் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனார்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு அதிகாரி வந்தபோது அவரையும் அவள் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல மனிதர். முழங்காலில் இருந்து கிராதியின் நிழலைக் கையால் தடவிக்கூடப் பார்த்தார். ‘சுற்றுமாடத்தில் ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டார். ஆனால் மூன்று பேர் கோபுரத்துக்குள் ஆள் இருந்ததாகச் சத்தியம் செய்து கையெழுத்து வைத்திருக்கிறார்களே அம்மா என்றார். அந்த மூன்றில் முதலாவது இராசநாயகம். மூன்றாவது நேசமலரின் கூடப்பிறந்த தம்பி யோகராசா.

யோகராசா கெட்டவன் இல்லை. முகாமில் அவளுக்கும் பிள்ளைக்கும் கஞ்சி வாங்க வரிசையில் நின்றவன், தகரம் நிறுத்திக் கொடுத்தவன், கடலுக்குப் போய் வந்தால் முதல் மீனை அக்காவின் முற்றத்தில் போட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போகிறவன். அவன் ஏன் கையெழுத்து வைத்தான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள். இப்படிச் சில வருசம் போயிற்று. சுகிர்தா வளர்ந்து, நிழலில் படித்த அதே பள்ளிக்கூடத்துக்கு, நிழலிலேயே இருந்து படிப்பிக்கிற ஆசிரியையானாள். பட்டணத்தில் ஒரு நல்ல இடத்திலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். தகப்பன் காலமானவர் என்றால் காலமானவர், இருக்கிறார் என்றால் இருக்கிறார், இரண்டும் இல்லாமல் எங்கட பக்கத்துச் சனத்துக்கு நாங்கள் என்னவென்று சொல்லுறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த மாதமே சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. வெளிச்சவீடு நின்ற இடத்தில் எருக்கலையைச் செருக்கி, கறுப்புக் கல் ஒன்று நிறுத்தி, கடமையில் நின்றபடி கோபுரத்தோடு வீழ்ந்த அருமைத்துரையின் நினைவாக என்று வெட்டுவது. திரையை நேசமலரே நீக்குவது. சுகிர்தாவுக்கு அதில் விருப்பம். எனக்கு ஒரு முடிவு வேணும் அம்மா, நல்லதோ கெட்டதோ, ஒரு முடிவு, என்று அவள் சொன்னாள். நேசமலர் மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்பது வயதில் தான் பொத்திய கண்கள் இப்போதும் பொத்தினபடியே இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. சரி, நீக்குகிறன் என்று சொன்னாள்.

கல் வந்து இறங்கிய அன்று மத்தியானம் யோகராசா வந்தான். மீன் கொண்டுவரவில்லை. நிழல் கோபுரத்தடியில் ஒடுங்கிக் கிடந்த நேரம். தகரக் கொட்டிலுக்குள் அடுப்புப் போல வெக்கை. வாசலில் குந்தியிருந்து, மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டு, அவன் பேசத் தொடங்கினான்.

கோபுரம் விழ மூன்று நாளைக்கு முந்தி ஒரு புயல் அடித்தது அக்காவுக்கு நினைவிருக்கும் என்றான். விளக்கு ஏற்றக்கூடாது என்று கட்டளை இருந்த காலம். முப்பது வள்ளம் ஆற்றுவாய் தெரியாமல் கடலில் தத்தளித்தது. கரையில் நின்றவர்கள் அத்தானின் காலைப் பிடித்தார்கள். முதலில் பிடித்தவர் இராசநாயகம், அவருடைய இரண்டு மகன்களும் கடலில். அத்தான் ஏறி ஏற்றினார். முப்பது வள்ளமும் வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் கோபுரத்துக்குக் குண்டு விழுந்தது. அதற்குள் அத்தான் இறங்கி எங்களோடு கரையில் இருந்த மீன்வாடிக்குள் வந்துவிட்டார். பின்னேரம் துவக்கோடு வந்தவர்கள் ஊர் ஆண்கள் எல்லாரையும் கரையில் முழங்காலில் இருத்தினார்கள். எண்பத்தொரு பேர். விளக்கு ஏற்றினவன் ஆர் என்று கேட்டார்கள். அவனைக் காட்டினால் மற்ற ஆக்கள் போகலாம், காட்டாவிட்டால் ஒருத்தரும் போகேலாது என்றார்கள்.

“ஆர் காட்டினது?” என்று நேசமலர் கேட்டாள்.

“இராசநாயகம் அண்ணை பேரைச் சொன்னார்.”

“மற்ற ஆக்கள்?”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா.”

“நீ?”

யோகராசா கையில் இருந்த மணல் முழுவதையும் இறங்க விட்டான். “அவர் எழும்பிப் போகேக்குள்ள என்னைத் தாண்டித்தான் போனவர்,” என்றான். “என்ர தோளில கை ஊண்டித்தான் எழும்பினவர். முழங்கால் மரத்துப்போச்சு எண்டார்.”

அவள் அழவில்லை, ஏசவில்லை. குடத்திலிருந்து செம்பில் தண்ணி வார்த்து அவனுக்குக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, செம்பை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எந்தப் பக்கத்தால கொண்டுபோனவங்கள் என்று மட்டும் கேட்டாள். தலையைக் குனிஞ்சபடி இருந்தனாங்கள் அக்கா, பார்க்கேல்லை என்றான்.

கல் திறப்புக்கு ஊர் முழுவதும் வந்தது. காலை எட்டு மணி, நல்ல நீளமான நிழல். கதிரைகளை அதற்குள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அந்த எண்பது பேரில் உயிரோடு இருக்கிற அறுபத்து மூன்று பேரும் வெள்ளைச் சட்டை போட்டு முன் வரிசைகளில் இருந்தார்கள். இராசநாயகம் பேசினார். ஊருக்கு வெளிச்சம் காட்டிய மனிதர் என்று சொன்னபோது அவருக்குக் குரல் அடைத்தது. அது நடிப்பில்லை என்பது நேசமலருக்குத் தெரிந்தது. அது நடிப்பாக இருந்திருந்தால் அவள் அவரை மன்னித்திருப்பாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். அவள் குங்குமத்தோடு எழும்பிப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். திரைக்கயிற்றைப் பிடித்தாள், இழுக்கவில்லை. பிறகு வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாரையும் தெரியும். எல்லாருடைய கலியாணத்திலும் சோறு சாப்பிட்டவள். அறுபத்து மூன்று பேரையும் சொல்லி முடிய நேரம் எடுத்தது. யாரும் தடுக்கவில்லை.

“நீங்கள் காட்டிக் குடுத்ததைப் பற்றி நான் கேக்கேல்லை,” என்றாள். “உங்களுக்கும் பிள்ளை குட்டி. எந்தப் பக்கத்தால கொண்டுபோனவங்கள் எண்டு ஒரு ஆள் சொல்லுங்கோ. வடக்காலயோ, தெற்காலயோ. அவ்வளவுதான். நான் போய்த் தேடிக்கொள்ளுறன்.”

 திரைத்துணி காற்றில் அடித்தது. ஒலிபெருக்கிக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒலிவாங்கியை இராசநாயகத்தின் பக்கம் நீட்டினான். அவர் அதை வாங்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் எழும்பி, நிழலை விட்டு வெளியே போய் வெயிலில் நின்றார். பிறகு இன்னொருவர். கதிரை கதிரையாக, சத்தமில்லாமல், செத்த வீட்டிலிருந்து சொல்லாமல் போவதுபோல, அறுபத்து மூன்று பேரும் எழும்பிப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களின் பெண்கள் போனார்கள், பிள்ளைகள் போனார்கள். யோகராசாவும் போனான். நிழலுக்குள் நேசமலரும் கறுப்புக் கல்லும் வெறுங்கதிரைகளும் மிச்சம். சுகிர்தா நிழலின் விளிம்பில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றுவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து கொக்குமுனையில் எவரும் அந்த நிழலுக்குள் போகவில்லை. தீர்மானம் எதுவும் போடவில்லை, யாரும் யாருக்கும் சொல்லவும் இல்லை. வலைக்காரர்கள் வெயிலில் இருந்து வலை பொத்தினார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தகரம் வந்தது. அதற்குக் கீழே பிள்ளைகள் வியர்த்து மயங்கி விழுந்தார்கள். விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்கூட நிழலைச் சுற்றித்தான் ஓடினார்கள். ஊரின் நிறமே மாறிக் கறுத்தது. வெளியூரிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர், இவ்வளவு நல்ல நிழல் சும்மா கிடக்குதே என்று கேட்டதற்கு, அது எங்கட இல்லை, அது அந்த அம்மாவின்ர என்று சொன்னார்களாம். எழுபது அடிக் கோபுரத்தின் முழு நிழலும் நேசமலருக்கே வந்து சேர்ந்தது. அவள் அதில் தனியே இருந்தாள். ஆடு வந்து படுத்தது. அடுத்த மழைக்குத் திரைத்துணி இற்று விழுந்து, கல்லில் வெட்டியிருந்தது தானாகவே தெரியவந்தது.

சுகிர்தாவின் கலியாணம் ஆவணியில் பட்டணத்து மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சுகிர்தா என்ன சொன்னாள் என்று தாய்க்குத் தெரியாது. கலியாண அட்டையை அவள் காட்டவில்லை, தாயும் கேட்கவில்லை. கொக்குமுனையிலிருந்து இரண்டு பஸ் பிடித்துச் சனம் போனது. இராசநாயகம் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனார். நேசமலர் புதுச்சேலை கட்டி, குங்குமம் வைத்து, மண்டபத்தில் நடுவில் ஒரு கதிரையில் இருந்தாள். பொம்பிளையைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பன் இடத்தில் தாய்மாமன் யோகராசா நின்றான்.

ஐயர் சங்கற்பம் சொல்லிக்கொண்டு வந்தவர், பொம்பிளையின்ர தகப்பன் பேர் என்ன என்று யோகராசாவைக் கேட்டார். யோகராசா வாய் திறந்தான். வாயில் ஒன்றும் வரவில்லை. ஐயர் இன்னொரு தரம் கேட்டார்.  மண்டபத்தில் இருந்த ஊர் ஆண்கள் எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள்.

“அருமைத்துரை,” என்று நேசமலர் இருந்த இடத்திலிருந்து சொன்னாள். நாதஸ்வரக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

ஐயர் தலையாட்டினார். பேரை ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் தன் வழக்கப்படி, இருக்கிறாரோ, காலமானவரோ என்று கேட்டார். மந்திரத்தில் அதற்கு ஒரு சொல் மாறும்.

நேசமலர் எழும்பினாள். அவள் வாய் திறப்பதற்குள் மணவறையிலிருந்து சுகிர்தா, குனிந்த தலை நிமிராமல், வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிற அதே தெளிவான குரலில் சொன்னாள்.

“காலமாயிட்டார், ஐயா.”

ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார். யோகராசா தண்ணியை வார்த்தான். கெட்டிமேளம் கொட்டியது. குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பக்கத்துக் கதிரையில் இருந்த பெண், எழும்பினபடியே நின்ற நேசமலரின் உள்ளங்கையில் அட்சதை அரிசியைத் திணித்து, போடுங்கோ அம்மா, தாலி ஏறுது என்றாள்.

அவள் போட்டாள்.